முத்திரை – 11: தூணில் எழுதியவன்

முன்கதை: ஓர் ஆணை மெய்யாகவே அரசனிடமிருந்துதான் வந்ததா என்று ஊரார் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்ற கேள்வியோடு, பல்லவர் செப்பேடுகளின் காளை முத்திரையிலிருந்து இந்தத் தொடர் புறப்பட்டது. சென்ற வாரம் காஞ்சி வீழ்ந்தது. நந்திவர்ம பல்லவன் நகரை விட்டு வெளியேறினான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் கைலாசநாதர் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்து, அங்கிருந்த ஒரு தூணில் எழுத்து வெட்டும்படி ஆணையிட்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

வெட்டச் சொன்னது என்ன?

பழி தீர்க்கும் சொற்கள் வந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்து, அந்த ஊர்ப் பாறையிலேயே தன் வெற்றியைப் பொறித்துவிட்டு வந்திருந்தான். ‘வாதாபி கொண்ட’ என்ற பட்டம் பல்லவர் வீட்டுப் பெருமை. சாளுக்கியர் வீட்டில் அது ஆறாத காயம். இப்போது அதே குலத்து மன்னன் காஞ்சியின் நடுவில் நிற்கிறான். கையில் படை. எதிரே பல்லவர்களின் பெருங்கோயில், அதன் பொன்னும் பொருளும்.

அவன் கன்னடத்தில் எழுதச் சொன்னான். காஞ்சியை வென்றதைச் சொன்னான்; கோயிலின் செல்வத்தைத் தான் எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொன்னான்; இந்த அறத்தை அழிப்பவருக்குச் சாபமும் சேர்த்தான். மண்டபத்துத் தூணொன்றின் பின்புறத்தில் அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. முன்பக்கமாகவே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

காஞ்சி வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த எழுத்து இது. பெருந்தன்மை ஒரு காரணம். அந்தப் பெருந்தன்மைக்கு அடியில் இருக்கும் சிக்கல் அதைவிடப் பெரிய காரணம்.

கோயிலைக் கட்டியவன் இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். கோயிலுக்கும் இராஜசிம்மேச்சரம் என்றுதான் பெயர். திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களின் சுவர்களில் தன் பட்டப்பெயர்களை 200-க்கும் மேலாக, வெவ்வேறு எழுத்து வகைகளில் அவன் வெட்டி வைத்தான். இது என்னுடையது என்று ஒருவன் இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. அதே கோயிலுக்குள் இன்னொருவன் வந்து, தன் மொழியில், தன் பெயரை எழுதிவிட்டான். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாரும் இல்லை.

அந்தத் தூணை வைத்து ஒரு வரலாற்று ஆய்வாளர் என்ன முடிவுக்கு வருவார்? எழுத்து வெட்டிய அன்று காஞ்சி விக்கிரமாதித்தன் கையில் இருந்தது என்பார். காஞ்சி அவனுடையது என்று சொல்லமாட்டார். பிறகு நந்திவர்மன் திரும்பி வந்து நீண்ட காலம் ஆண்டான். தூண் எழுத்து அழியவில்லை, ஆட்சி மாறிவிட்டது.

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு சுமார் 1,280 ஆண்டுகள் முன்னே வாருங்கள். ஊர் அதேதான்.

●

கோயிலை விட்டு ஊருக்குள் வந்தால் பிள்ளையார்பாளையம். தறிச் சத்தம் இன்னும் கேட்கும் தெருக்கள். அங்கே நெய்த கோர்வைச் சேலை காந்தி ரோட்டுக் கடை வழியாக டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் போகிறது. முகூர்த்தச் சேலையின் முந்தி எந்த வேலைப்பாடு, கரை எந்த நிறம், பில் எவ்வளவு, பார்சல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாமே ஈமெயிலில் நடக்கிறது. அந்த மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால்? கல்யாணத் தேதி நெருங்க நெருங்க அந்த வீட்டார், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைப்பார்கள். கடைக்காரரோ பதில் வராத வாடிக்கையாளரை நொந்துகொண்டிருப்பார். இருவர் மேலும் தவறில்லை.

தவறு எங்கே என்றால், 1982 ஆகஸ்டில்.

அந்த மாதம்தான் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போகவேண்டிய முறையை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்ற அந்த முறையில்தான் இன்றைக்கும் உலகத்தின் மெயில்கள் போகின்றன. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம்; சரிபார்க்க அதில் வழி வைக்கப்படவில்லை. போஸ்டலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்று வலையில் இருந்த கணினிகள் சில நூறு, அவற்றை இயக்கியவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் பால் மொக்காபெட்ரிஸ், கணினிகளுக்குப் பெயர் சூட்டி அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் டி.என்.எஸ். என்ற பதிவேட்டை வடிவமைத்தார். 1987 நவம்பரில் அதன் திருத்திய பதிப்பு வந்தபோது, பதிவேட்டில் ஒரு வெற்று வரியையும் விட்டுவைத்தார். விருப்பம்போல் எதையாவது எழுதிக்கொள்ளலாம் என்ற வரி. டெக்ஸ்ட் ரெக்கார்டு என்று அதற்குப் பெயர்.

அந்த வரிக்கு அன்று பெரிய வேலை எதுவும் கிடையாது. பின்னாளில் உலகமே அதில் தன் முத்திரையைக் குத்தப்போகிறது என்று எழுதியவர் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பொய் முகவரிகள் பெருகின. 2003இல் மெங் வெங் வோங் என்பவர், என் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன கணினிகளுக்கு மட்டுமே அனுமதி என்று பெயருக்குரியவரே பதிவேட்டில் எழுதி வைக்கும் முறையை முன்வைத்தார், அதுதான் எஸ்.பி.எஃப். 2004இல் யாஹூ, ஒவ்வொரு கடிதத்திலும் கணிதக் கையெழுத்து போடும் முறையைக் கொண்டுவந்தது. அது வளர்ந்து டி.கே.ஐ.எம். ஆனது. இவை இரண்டும் பொய்த்தால் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் 2012 ஜனவரியில் வெளியானது. மூன்றுமே குடியேறிய இடம் அந்த வெற்று வரிதான்.

2015 ஜூலையில் கூகுள் ஒரு ஜன்னலைத் திறந்தது. போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ். உங்கள் கடையின் மெயில்கள் ஜிமெயில் பெட்டிகளில் என்ன ஆகின்றன, எத்தனை பங்கை மக்கள் ஸ்பேம் என்று ஒதுக்குகிறார்கள், எத்தனை சோதனைகளில் தேறுகின்றன என்பதை நீங்களே பார்க்கலாம். கட்டணம் இல்லை. ஆனால் வாசலில் ஒரு கேள்வி உண்டு.

இந்த டொமைன் உங்களுடையதுதானா?

கேள்வி நியாயமானது. காஞ்சியில் பட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே பட்டுக் கடை. எந்தக் கடை எந்த நாளில் எவ்வளவு மெயில் அனுப்புகிறது, அதில் எத்தனை பேர் எரிச்சலடைந்தார்கள் என்பது வியாபார ரகசியம். கேட்டவருக்கெல்லாம் காட்ட முடியாது. ஆதார் காட்டச் சொல்வதும் பயன் தராது. ஆளின் அடையாளம் தெரிந்தாலும் டொமைன் அவருடையதா என்பது தெரியாது. ஆகவே கூகுள் வேறு வழி வைத்திருக்கிறது. பொருளே இல்லாத எழுத்துக்கோவை ஒன்றை உங்களிடம் கொடுக்கிறது. இதற்கு முன் யாருக்கும் கொடுத்திராத கோவை. இதை உங்கள் டொமைனின் டெக்ஸ்ட் ரெக்கார்டில் எழுதுங்கள், நான் வந்து படித்துப் பார்க்கிறேன் என்கிறது. அந்தப் பதிவேட்டில் எழுத, சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். எழுத்து அங்கே இருந்தால், எழுதியவர் சாவிக்காரர்.

சொல்லும்போது எளிது. சரிபார் பொத்தானை அழுத்தியதும் பலருக்கு வரும் முதல் பதில், கிடைக்கவில்லை என்பதே. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டொமைனை வாங்கியது ஒரு கம்பெனியில், வெப்சைட் நடப்பது இன்னொரு கம்பெனியில். டொமைனின் நேம் சர்வர் எந்தக் கம்பெனியைக் காட்டுகிறதோ அங்கே உள்ள பதிவேட்டைத்தான் உலகம் படிக்கும். மற்றதில் எத்தனை முறை எழுதினாலும் அது யாரும் பார்க்காத சுவரில் எழுதியதாகவே போகும். சிலர் முழு டொமைன் பெயரையும் ஹோஸ்ட் பெட்டியில் தட்டிவிடுவார்கள். பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொண்டு வேறு முகவரியாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் பழைய விவரம் இடைவழிக் கணினிகளின் நினைவில் சில மணி நேரம் தங்கியிருக்கலாம், பொறுத்திருப்பதுதான் வழி. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரிபார்ப்பு முடிந்ததும், வேலை முடிந்தது என்று அந்த வரியை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழிக்கக் கூடாது. கூகுள் அவ்வப்போது திரும்ப வந்து பார்க்கும். எழுத்து இல்லையென்றால் ஜன்னலைச் சாத்திவிடும்.

சரி, எழுதியாகிவிட்டது. பச்சை நிறத்தில் சரிபார்க்கப்பட்டது என்று வந்தும் விட்டது. நிரூபணமானது எது?

இங்கேதான் விக்கிரமாதித்தன் திரும்ப வருகிறான்.

●

அதற்கு முன், நம் ஊரார் இதே கேள்விக்கு என்ன விடை வைத்திருந்தார்கள் என்று பார்த்துவிடலாம். சோழர் காலத்தில் ஒரு நிலம் கைமாறுவதற்கு அரசன் வாயால் சொன்னால் போதாது. சொன்னதை ஓலையில் எழுதுபவர் ஒருவர். அதை ஒப்பிடும் அதிகாரி வேறொருவர். வரிப் பதிவேட்டில் ஏற்றுபவர்கள் தனி. பின் அந்தத் திருமுகம் ஊருக்கு வரும். நாட்டார் எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைத்துப் படிப்பார்கள். அதோடும் முடியாது. பெண் யானை ஒன்றை நடக்கவிட்டு, ஊரார் கூட நடந்து எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலம் இப்படித்தான் அளக்கப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் செப்பேடும், அதைக் கோக்கும் வளையமும், வளையத்தின் மேல் புலியும் மீன்களும் வில்லும் பொறித்த முத்திரையும்.

முத்திரை, பதிவேடு, அக்கம்பக்கத்தாரின் கால்கள் என மூன்று சாட்சிகள். முத்திரையைத் திருடலாம், பதிவேட்டைத் திருத்தலாம், கூட நடந்த அத்தனை பேரின் நினைவையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

காஞ்சி நெசவாளர்களுக்கு இதில் தனி இடம் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேடுகள் காஞ்சியைப் பற்றியவை. அன்று ஊருக்குக் கச்சிப்பேடு என்று பெயர். ஊரகம் எனப்படும் உலகளந்த பெருமாள் கோயிலின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பில், பட்டசாலிகள் என்ற நெசவாளர்கள் வாழ்ந்த சேரிகளை மன்னன் அமர்த்தினான். திருவிழா முடிந்ததும் நகரத்தார் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்றும் வைத்தான். ஒப்படைத்ததோடு விடவில்லை, ஆண்டுக்கு ஆண்டு கண்காணிப்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர்கள் இந்த ஊர் நெசவாளர்கள். அவர்கள் வழிவந்த ஊர்க்காரர்களிடம் பதிவேட்டைக் கவனியுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

டி.என்.எஸ். சரிபார்ப்போ ஒரே ஒரு சாட்சியோடு நின்றுவிடுகிறது. எழுத முடிந்ததா? முடிந்தது. அவ்வளவே.

●

2001. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். தளமும் தொலைக்காட்சிப் புகழ் மார்த்தா ஸ்டீவர்ட்டும் சேர்ந்த ஒரு விளம்பரப் பரிசுப் போட்டி. அதற்கென்று தனி டொமைன் ஒன்று வாங்கப்பட்டது. எம்.எஸ்.என். தன் பதிவேட்டில், மார்த்தா ஸ்டீவர்ட் பெயரில் ஒரு கிளைப்பெயர் வைத்து, யாராவது இதைத் தேடினால் அந்தப் புது டொமைனைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியது. போட்டி முடிந்தது. புது டொமைனைப் புதுப்பிக்க ஆளில்லை; காலாவதியாயிற்று. எம்.எஸ்.என். பதிவேட்டில் இருந்த வரியை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

அந்த வரி இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

2022 செப்டம்பரில் யாரோ ஒருவர் அந்தக் காலாவதியான டொமைனை விலைக்கு வாங்கினார். திருட்டு இல்லை; பூட்டு உடைக்கவில்லை; கடையில் கிடந்த பெயரைக் காசு கொடுத்து வாங்கினார். வாங்கிய கணத்தில், எம்.எஸ்.என்.னின் அந்தக் கிளைப்பெயர் சார்பில் பேசும் உரிமை அவர் கைக்கு வந்துவிட்டது. தன் டொமைனில் அவர் எழுதியதெல்லாம் எம்.எஸ்.என். எழுதியதாகவே உலகத்துக்குத் தெரிந்தது. 17,000-க்கும் மேற்பட்ட கணினி முகவரிகளுக்கு, என் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று அனுமதி எழுதினார். பொய்க் கடிதங்கள் கிளம்பின. பெறும் பக்கத்துக் காவலாளிகள் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். அனுமதி இருக்கிறது, உள்ளே போகலாம்.

2024 பிப்ரவரியில் கார்டியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்த மோசடியை வெளிப்படுத்தியபோது, இவ்வாறு கைப்பற்றப்பட்டிருந்தவை 8,000-க்கும் மேற்பட்ட டொமைன்கள் என்று கணக்கிட்டது. அவற்றில் உலகம் அறிந்த பத்திரிகைகளும் வியாபார நிறுவனங்களும் இருந்தன.

விக்கிரமாதித்தன் மன்னன் விட்டுப்போன நகருக்குள் வந்து தூணில் எழுதினான். ஆனால் எழுதியது தன் பெயரை. கோயில் செல்வத்தையும் திருப்பிக் கொடுத்தான். இந்த மோசடிக்காரர்களோ இராஜசிம்மன் பெயரிலேயே எழுதினார்கள்.

அதே 2024 பிப்ரவரியில்தான் கூகுளும் யாஹூவும் தங்கள் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரே நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் என்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மொத்தமாக மெயில் அனுப்பும் பெரிய கடைகளுக்கு இந்த எண் ஜீவாதாரம். அதைப் பார்க்க ஜன்னல் வேண்டும். ஜன்னலுக்குச் சரிபார்ப்பு வேண்டும். சரிபார்ப்புக்குச் சாவி வேண்டும்.

சாவி யாரிடம்?

இந்தக் கேள்விக்கு நம் கடைகளில் வரும் வழக்கமான பதில், வெப்சைட் போட்டுக்கொடுத்த தம்பியிடம் என்பது. டொமைன் அவர் பெயரில், அவர் மெயில் முகவரியில் பதிவாகியிருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை வேலைக்கு வெளிநாடு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் அவருடைய பழைய பெட்டியில் கிடக்கும். முப்பது ஆண்டு உழைத்துச் சம்பாதித்த கடைப் பெயர் ஒரு நாள் காலையில் கடையில் கிடக்கும் சரக்காகிவிடும்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், காப்பாற்றும், மெதுவாக. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி சிஃபி என்று உருவாக்கிக்கொண்டு, 1999இல் சிஃபிநெட் என்ற டொமைனைப் பதிவு செய்தது. 2001இல் வேறொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி ஏறக்குறைய அதே பெயரில் டொமைன் வைத்தது. பெங்களூர் நகர சிவில் நீதிமன்றம் சத்யத்தின் பக்கம் நின்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் மாற்றியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்துச் சத்யத்துக்கே தடையாணையை மீட்டுக்கொடுத்தது. இரண்டாவது நிறுவனத்தாலும் தன் டொமைனின் பதிவேட்டில் எழுத முடிந்திருக்கும். எந்தச் சரிபார்ப்பிலும் அது தேறியிருக்கும். உரிமையைச் சொன்னது நீதிமன்றம்.

காஞ்சிக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு தமிழக அரசின் கைத்தறித் துறை பெயரில் இருக்கிறது. புவிசார் குறியீட்டுப் பதிவகமே சென்னை கிண்டியில்தான். ஆனால் டொமைன் விற்கும் கம்பெனிகள் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. எங்கோ உட்கார்ந்திருப்பவர் காஞ்சிபுரம் என்ற சொல்லைச் சேர்த்து ஒரு டொமைன் வாங்கி, டெக்ஸ்ட் ரெக்கார்டில் எழுதி, பச்சை நிறத்தில் சரிபார்க்கப்பட்டது என்று வாங்கிக்கொள்ளலாம். அவர் அனுப்பும் மெயில் சோதனைகளில் தேறலாம். அதில் விற்கப்படும் சேலையில் பட்டு இருக்கிறதா, கோர்வை இருக்கிறதா என்பதை எந்தச் சோதனையும் கேட்காது.

ஆகவே கடை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ் வருவதற்குள், உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியோடு காலாவதியாகிறது, பதிவேட்டில் இப்போது என்னென்ன வரிகள் இருக்கின்றன, அவற்றில் எது எங்கோ மூடிப்போன சேவையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பார்த்தீர்கள். பெயர் உங்களுடையது. சாவி உங்களிடம். பதிவேட்டில் அந்நியர் எழுத்து ஒன்றுகூட இல்லை. இனிப் பயமில்லையா?

2011 டிசம்பர். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருந்த கணித அறிஞர் ஸகரி ஹாரிஸுக்கு ஒரு மெயில் வந்தது. கூகுளில் வேலைக்குச் சேர விருப்பமா என்று கேட்டு, கூகுளிடமிருந்தே. அவருக்குச் சந்தேகம். மெயிலின் தலைப்புப் பகுதியில் இருந்த டி.கே.ஐ.எம். கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தார். கையெழுத்து உண்மையானது. ஆனால் அதைச் சரிபார்க்க கூகுள் தன் பதிவேட்டில் வைத்திருந்த சாவி வெறும் 512 பிட். இது தனக்கு வைத்த பரீட்சையாக இருக்குமோ என்று நினைத்த ஹாரிஸ், அந்தச் சாவியை உடைத்தார். பிறகு கூகுளின் இரு நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜுக்கு, மற்றொருவரான செர்கேய் பிரின் பெயரில், கூகுளின் கையெழுத்தோடு ஒரு மெயில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து கூகுளின் பதிவேட்டை மறுபடி திறந்து பார்த்தார்.

(அடுத்த வாரம்: அந்தப் பதிவேட்டில் ஹாரிஸ் கண்டது)